வெற்றியை எதிர்நோக்குவோர் கடமை

2028ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்குமென அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஸ்குவாஷ் என்னும் சுவர்ப்பந்தாட்டம் அப்பந்தயங்களில் முதன்முறையாக இடம் பெறப்போகிறது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் மும்பாயில் கூடிய ஒலிம்பிக் சபை இம்முடிவைச் செய்தது. அச்செய்தி எட்டிய நாள் முதல் பினாங்கில் என் போன்றோர் பலர் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

"இஃதென்ன பைத்தியம்?" என்று கேட்பாரும் உளர். ஆடுகிறவர் எவரோ, வியர்வை சிந்துகிறவர் எவரோ, நாற்காலியில் சாய்ந்திருக்கும் உனக்கு அந்த வெற்றியில் பங்கு ஏது என்பது அவர்கள் வினா. சீர்திருத்த எண்ணம் படைத்த என் நண்பர் ஒருவர் இதனினும் கடுமையாகப் பேசுவார். "கள்ளுக்கடை விட்ட இடத்தைத் தொலைக்காட்சிப் பெட்டி பிடித்துக்கொண்டது, அன்று கூலியைக் குடித்தான், இன்று பொழுதைக் குடிக்கிறான்" என்பது அவர் தீர்ப்பு. அன்றியும், ஒருவன் வெற்றியை விரும்புதல் மற்றொருவன் தோல்வியை விரும்புதலேயாதலால், இந்த ஆவலின் அடியில் பகைமை ஒளிந்திருக்கிறது என்றும் அவர் கூறுவார்.

இவ்விரண்டு குற்றச்சாட்டுகளும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. பின்னதை முதலில் ஆராய்வோம்.

1998ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் காமன்வெல்த் பந்தயங்கள் நடைபெற்றபோது நான் தோட்டத்து லயத்தில் வளர்ந்த சிறுவன். ஐம்பது கிலோமீட்டர் நடைப் பந்தயத்தில் நம் நாட்டு வீரர் ஜி. சரவணன் தங்கப் பதக்கம் பெற்றார் என்ற செய்தி மாலைக்குள் லயம் முழுதும் பரவிவிட்டது. அன்றிரவு செய்தியைக் காண எங்கள் வீட்டுத் திண்ணை நிறைந்தது. நியூசிலாந்து வீரர் கிரெய்க் பேரட் என்பவர் எல்லோருக்கும் முன்னே நடந்து, எல்லைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரே எஞ்சியிருக்க, வெயிலின் கொடுமையால் கால் தடுமாறி விழுந்த காட்சியைப் பெட்டியில் கண்டோம். அவர் விழுந்த கணத்தில் திண்ணை அதிரக் கைதட்டினோம். நானும் தட்டினேன். என் தாயார் மட்டும் தட்டவில்லை. "அந்தப் பிள்ளையைப் பெற்றவள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பாளோ?" என்றார். திண்ணையில் ஒருவரும் விடை சொல்லவில்லை.

சரவணனுடைய வெற்றியில் ஒரு குறையும் இல்லை. அந்த வெயிலில் நான்கு மணி நேரத்துக்கும் மேலாக நடந்து முடிப்பதே அப்பந்தயம், முடித்தவர் அவர். பேரட் வீழ்ந்ததைத் தேடி அவர் நடக்கவில்லை. தம் கால்களை நம்பி நடந்தார். ஆனால் நாம் எதற்குக் கைதட்டினோம்? அவர் நடைக்கா, பிறன் வீழ்ச்சிக்கா? முடிவு முன்பே தெரிந்திருந்தும் அந்த வீழ்ச்சியைக் கண்டு நாம் மகிழ்ந்தோமாயின், குற்றம் பந்தயத்தினுடையதன்று, நம்முடையதே. வீழ்ந்தவரோ, நான்காண்டுகளுக்குப் பின் 2002இல் மாஞ்செஸ்டர் நகரில் அதே தூரத்தை நடந்து முடித்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவரை நினைந்து அன்று நம்முள் எத்தனை பேர் மகிழ்ந்தோம்?

எனினும், பகைமை இல்லாமல் பந்தயத்தை எதிர்நோக்கவே இயலாது என்று சொல்லிவிடலாமா? ஆகாது. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் பந்தயங்களில், ஸ்குவாஷ் பெண்கள் இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்றவர் இருவரும் நம் நாட்டினர்: பினாங்கின் நிக்கோல் டேவிட் அம்மையாரும், கெடாவின் சிவசங்கரியும். யார் தோற்க வேண்டுமென்று நாம் காத்திருந்தோம்? எவரும் தோற்க வேண்டுமென்று அன்று. ஆயினும் நெஞ்சு படபடத்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் மூச்சு நின்று வந்தது. அனுபவத்தில் மூத்தவர் தங்கத்தை வென்றார். இளையவர் வெள்ளியுடன் தலை நிமிர்ந்து நின்றார். பகைவன் ஒருவன் இன்றியும் ஆவல் பிறக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? மனிதர் தம் ஆற்றலின் எல்லையைத் தொடுவதைக் காண விழைவதே அந்த ஆவலின் உயிர். பகைமை அதன்மேல் படிந்த அழுக்கு, துடைத்தால் போகும்.

இந்த உண்மையை அறிந்தவன் தோல்வியிலும் வெறுங்கையனாக மாட்டான். புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய் 2008, 2012, 2016 என மும்முறை ஒலிம்பிக் பூப்பந்தாட்டத்தின் இறுதிவரை சென்று மும்முறையும் வெள்ளியே பெற்றார். லண்டன் ஆட்டத்தில் மூன்றாம் சுற்று 21க்கு 19 என முடிந்தது. தங்கத்தை மட்டுமே எதிர்நோக்கியிருந்தவன் அந்த இரண்டு புள்ளிகளில் எல்லாவற்றையும் இழந்தான். அம்மனிதரின் ஆற்றலைக் காணக் காத்திருந்தவனோ, வேண்டியதைக் கண்டுவிட்டான்.

நிக்கோல் அம்மையாருக்கு அந்தத் தோல்விகூடக் கிட்டவில்லை. எட்டு முறை உலகப் பட்டம் வென்று, 2006 முதல் 2015 வரை ஒன்பதாண்டுக் காலம் இடையறாது உலகின் முதலிடத்தில் இருந்தவருக்கு ஒலிம்பிக் வாயிற்படி திறக்கவேயில்லை. 2005, 2009, 2013 என மும்முறை அவ்வாட்டம் தள்ளப்பட்டது. தம் ஆட்டத்துக்கு இடம் கேட்டு உலக அரங்கில் வாதாடிய அவர் 2019இல் ஓய்வு பெற்றார். நான்காண்டு கழித்துக் கதவு திறந்தது. தாம் நுழைய முடியாத வாயிலைப் பிறருக்காகத் தட்டிய கைக்கு எந்தப் பதக்கம் ஈடாகும்?

நிற்க. அவரை "நம்மவர்" என்று உரிமை கொண்டாடுவோர் பலர். தந்தையார் இந்திய வழியினர், தாயார் சீனர். வென்ற நாளில் இரு சமூகத்தாரும் தம்மவர் என்றனர். அதே கலப்பு மணத்தைத் தம் வீட்டில் ஒரு பிள்ளை செய்ய விரும்பினால் வாசற்கதவைச் சாத்துவோர் அவர்களுள் எத்தனை பேர்! பதக்கத்தை ஏற்று, அது பிறந்த குடும்பத்தின் வழியை மறுப்பது எந்த நீதி?

இனி, முதற் குற்றச்சாட்டுக்கு வருவோம். பிறர் வெற்றியில் நமக்குப் பங்கு ஏது? இவ்வினாவுக்கு மழுப்பலின்றி விடையிறுக்க வேண்டுமாயின், என் குற்றம் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தோட்டக் கிராணி வேலையில் இருப்பவனிடம் பெற்றோர் யோசனை கேட்டு வருவது வழக்கம். சில ஆண்டுகளுக்குமுன் ஒருவர் தம் மகளுடன் வந்தார். பள்ளி ஓட்டப் பந்தயங்களில் அச்சிறுமி எல்லோரையும் முந்தினாள். பயிற்சிக்கு வெளியூர் அனுப்பலாமா என்று கேட்டார். "பெண் பிள்ளை, வயதும் வந்துவிட்டது, பரீட்சையைப் பார்க்கட்டும், அண்ணே" என்றேன். நான்கு ஆங்கிலப் புத்தகம் படித்தவன் சொல் என்று அவர் அதைச் சட்டமாக ஏற்றார். அவள் ஓட்டத்தை விட்டாள்.

பின்னர் 2022 ஜூனில் சிவசங்கரி மோட்டார் விபத்தில் கடுங்காயமுற்று, அவ்வாண்டு காமன்வெல்த் பந்தயத்தையும் இழந்தார். மறு ஆண்டு அக்டோபரில் ஹாங்சௌ ஆசியப் பந்தயத்தில் அதே பெண்மணி தங்கம் வென்றபோது நான் கண்ணீர் விட்டேன். கண்ணைத் துடைக்கும்போதே அந்தச் சிறுமியின் நினைவு வந்தது. இவ்வெற்றியில் எனக்குப் பங்கு ஏது? ஒரு பெண்ணின் கால்களைக் கட்டிவிட்டு, மற்றொரு பெண்ணின் கைத்திறத்தைக் கண்டு பெருமை கொள்ள எனக்கு என்ன உரிமை?

1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசியப் பந்தயங்களில் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் பெற்றதை நம் முதியோர் இன்றும் சொல்வர். அதே பந்தயங்களில் நானூறு மீட்டர் ஓட்டத்தில் எம். இராஜாமணி தங்கம் வென்றார். பெண் ஓடலாமா என்னும் கேள்விக்கு அவர் அன்றே விடையளித்துவிட்டார். படித்த நான் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவ்விடையைச் செவியேற்கவில்லை.

ஆகவே என் முடிபு இது. வெற்றியில் பங்கு கைதட்டலால் வருவதன்று; பந்தயத்துக்கு முன்னே நாம் செய்தவற்றால் வருவது. பிள்ளையை விடியலில் எழுப்பிப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் தாய்க்குப் பங்குண்டு. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் காலணி வாங்கித் தந்த தகப்பனுக்குப் பங்குண்டு. கோயில் திருவிழாவுக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியைத் திடலுக்கும் பந்துக்கும் ஒதுக்கும் தோட்டத்தாருக்குப் பங்குண்டு. அவர்களுடைய பிள்ளை வெல்லாவிடினும், எங்கோ வேறொரு பிள்ளை வெல்லும்போது அவர்கள் மகிழ்ச்சி நேர்மையானது. ஏனெனில், வெற்றிக்கு வேண்டிய உழைப்பு எத்தகையது என்பதை அவர்கள் அறிவார்கள். மற்றையோர் மகிழலாம், ஆனால் அது விருந்தினர் மகிழ்ச்சியே.

நண்பருடைய கள்ளுக்கடை உவமைக்கும் இதுவே விடை. குடித்தவன் மறுநாள் கூடையைத் தூக்க இயலாமல் கிடப்பான். நல்ல ஆட்டத்தைக் கண்டவன் மறுநாள் தன் மகளைத் திடலுக்கு அழைத்துச் சென்றானாயின், அவன் பொழுதைக் குடித்தவனல்லன்.

2028 வரட்டும். நம் நாடு இதுவரை எட்டு வெள்ளியும் ஏழு வெண்கலமும் ஒலிம்பிக்கில் பெற்றிருக்கிறது, தங்கம் இல்லை. அது கிட்ட வேண்டுமென்றே நானும் விரும்புகிறேன். கிட்டாவிடினும், எதிரே நிற்பவர் தவறி வீழ்ந்தால் இம்முறை கைதட்ட மாட்டேன். அதற்குமுன் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ஓட்டத்தை விட்ட அந்தப் பெண்ணுக்கு இப்போது தங்கை ஒருத்தி பள்ளியில் ஓடுகிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்று, அன்று நான் சொன்னது பிழை என்று அந்தத் தகப்பனாரிடம் சொல்லப்போகிறேன்.