குறையை மறைப்பதும் அமானிதத்தைக் காப்பதும்

பிறருடைய குறையை மறைப்பவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் பெரும் நன்மாராயம் கூறியிருக்கிறார்கள். துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் திருக்குர்ஆன் தடுத்திருக்கிறது. அப்படியிருக்க, உடன் பணிபுரியும் விமானி குடித்துவிட்டு வந்திருப்பதைக் கண்ட ஒருவர், அதை மேலிடத்தில் சொல்லலாமா? மது ஹராம் என்பதில் நமக்குள் பேச்சே இல்லை. குடித்தவனின் பாவத்தை விட்டுவிட்டு, பார்த்துக்கொண்டிருந்தவனின் பொறுப்பைப் பற்றியே இங்கு நாம் யோசிக்கிறோம்.

1977 ஜனவரி 13 அன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து கால்நடைகளை ஏற்றிக்கொண்டு டோக்கியோவுக்குப் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் சரக்கு விமானம், தரையை விட்டு எழும்பிய சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. விமானிகள் மூவரும் கால்நடைகளைப் பராமரிக்க உடன் சென்ற இருவரும் மாண்டனர். தலைமை விமானியின் இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 298 மில்லி கிராம் மது இருந்தது. 100 மில்லி கிராம் இருந்தாலே அவர் போதையில் இருப்பவர் என்பது அன்றைய அலாஸ்காவின் சட்டம்.

அவர்களை விமான நிலையத்துக்கு அழைத்து வந்த டாக்சி ஓட்டுநர், தலைமை விமானியின் நிலையைக் கண்டு கலங்கித் தம் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார். யாரோ ஒரு வாடகைக் கார் ஓட்டுநர்! அவருக்குத் தெரிந்தது, பக்கத்து இருக்கைகளில் அமர்ந்த இருவருக்குத் தெரியாமலா போயிற்று? மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்ற கூச்சமாகவும் இருக்கலாம். ஆனால் விசாரணை செய்த அமெரிக்க வாரியம் கூச்சப்படவில்லை. அவர் விமானத்தைச் செலுத்தாதபடி மற்றவர்கள் தடுக்கத் தவறியதும் விபத்துக்குத் துணைபோன காரணம் என்று எழுதிவிட்டது.

வீட்டுக்குள் செய்யும் பாவம் அடியானுக்கும் ரப்புக்கும் இடையிலானது. அதை மறைப்பதே அழகு. விமானியின் கையில் இருப்பதோ பிறருடைய உயிர் என்னும் அமானிதம். ஏறி அமர்கின்ற பிரயாணி அவருடைய முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. கதவுக்கு அப்பால் இருப்பவர் தெளிவோடு இருக்கிறார் என்று நம்பித்தான் தம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்கிறார். இந்த நம்பிக்கைக்கு அருகிலிருக்கும் சக விமானியே காவலர். அவர் வாய் மூடினால் பிரயாணிக்கு வேறு நாதியில்லை. புறம் பேசுதல் ஆகாத ஆறு சந்தர்ப்பங்களை இமாம் நவவி (ரஹ்) எடுத்துரைத்தபோது, தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார்கள். கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தோர் துளையிட முனைந்த உவமையை நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதும் நம்மில் பலர் ஜும்ஆ மேடைகளில் கேட்டதுதான். ஆகாயத்தில் செல்லும் கப்பலுக்கு அது இன்னும் பொருந்தும்.

மூச்சுப் பரிசோதனை துருவி ஆராய்தல் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. உத்தியோகத்தை ஏற்றவர் அதன் நிபந்தனையையும் சேர்த்தே ஏற்றார். நம் நாட்டில் விமானம் ஓட்டுவதற்கு முந்தைய 12 மணி நேரம் மது கூடாது. பரிசோதனையில் சிறிதும் தெரியக் கூடாது. ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்துக்கும்கூடத் தடை உண்டு. அமெரிக்காவில் 8 மணி நேரம் என்றும், இரத்தத்தில் 0.04 சதவீதத்துக்குக் கீழ் என்றும் வைத்திருக்கிறார்கள். இவ்விஷயத்தில் நம் நாட்டு விதியே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

சொல்லிவிட்டால் அவர் வாழ்வு பாழாகிவிடுமே என்ற இரக்கம் வேறு குறுக்கே நிற்கிறது. 1990 மார்ச்சில் ஃபார்கோவிலிருந்து மினியாபோலிஸுக்கு 91 பிரயாணிகளோடு பறந்த நார்த்வெஸ்ட் விமானத்தின் விமானிகள் மூவரும் போதையில் இருந்தனர். பெயர் சொல்லாத ஒருவர் தந்த தகவலால், இறங்கியதும் பிடிபட்டுச் சிறை சென்றனர். அவர்களில் தலைமை விமானி குடியை விட்டொழித்தார். உரிமங்களை மீண்டும் பெற்றார். அதே நிறுவனத்தில் மறுபடியும் விமானம் ஓட்டி, கேப்டனாகவே ஓய்வு பெற்றார். 2001-இல் அமெரிக்க ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பும் வழங்கினார். ஆங்கரேஜ் விமானியை உடன் இருந்த விமானிகள் தடுக்காததால், அவருக்குத் தவ்பாச் செய்ய அவகாசமே கிடைக்கவில்லை.