"தெரியாது" - எத்தனை மதிப்பெண்?

தெரியாது! - சொல்லிப் பாருங்கள் தோழர்களே! நாலே எழுத்துக்கள்தான். ஆயினும் மேடை அதிர முழங்குவோருக்கும், ஏடு நிறைய எழுதுவோருக்கும் இந்த நாலெழுத்தைச் சொல்லத்தான் நா எழுவதில்லை. பள்ளியிலேயே தொடங்கிவிடுகிறது இந்தப் பழக்கம். "ஒன்றையும் விடாதே, எதையாவது எழுதிவிட்டு வா" - தேர்வுக்குக் கிளம்பும் பிள்ளைக்கு வீட்டார் கூறும் விடைமொழி இது. ஆசிரியராகிய நாமும் கூறியதுண்டு, மறைப்பானேன்? பக்கம் நிரம்பியிருந்தால் பாதி மதிப்பெண், வெறுந்தாளுக்குச் சுழி என்று விடைத்தாள் திருத்தியதும் உண்டு.

அந்தச் சொல்லுக்கே மதிப்பெண் தர முன்வந்தார் ஒரு பேராசிரியர்.

அமெரிக்க நாட்டில், அர்பானா - ஷாம்பெயின் என்னும் இரட்டை நகர்களில் இருக்கிறது இல்லினாய்ப் பல்கலைக்கழகம். அங்கே கணிப்பொறி இயல் மாணவர் கற்கும் பாடங்களில் ஒன்று வழிமுறைகள் பற்றியது - ஒரு கணக்கை இன்ன படி, இன்ன வரிசையில் செய்தால் விடை வரும் என்று வகுத்துரைக்கும் கலை. அல்காரிதம் என்பார்கள், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்ற அறிஞரின் பெயர் மருவிப் பிறந்த சொல். இப்பாடத்துக்கென ஜெஃப் எரிக்சன் என்ற பேராசிரியர் எழுதிய நூல் 2019-இல் வெளிவந்தது. இணையத்தில் எவரும் விலையின்றிப் பெறலாம். தம் மாணவருக்கு அவர் வகுத்த விதிகளில் ஒன்று இது: விடை தெரியவில்லையா? 'எனக்குத் தெரியாது' என்று எழுது. அதற்குமேல் ஒரு சொல்லும் எழுதாதே. கால் பங்கு மதிப்பெண் உனக்குண்டு. பத்துக்கு இரண்டரை!

சோம்பேறிக்குச் சோறா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை எளிது. எல்லா வினாவுக்கும் தெரியாது என்று எழுதுபவன் நூற்றுக்கு இருபத்தைந்தோடு நிற்பான். அதைத் தெப்பமாக்கிக் கரையேற முடியாது. இதைவிடக் கூர்மையான கேள்வி வேறொன்று உண்டு. முயன்று, தடுமாறி, தவறாக ஒரு பக்கம் எழுதியவனுக்குச் சுழி. பேனாவைக் கீழே வைத்தவனுக்கு இரண்டரை. இது நீதியா?

அதே வகுப்பின் மற்றொரு விதியையும் பார்ப்போம். பேராசை வழிமுறை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு படியிலும் அப்போதைக்கு எது பெரிதோ அதை எடுத்துக்கொள். பின்னால் வருவதைப் பற்றிக் கவலைப்படாதே என்பது அதன் போக்கு. கடைக்காரர் சில்லறை கொடுப்பது இப்படித்தான். பதினெட்டு ரூபாய் தர வேண்டுமா? முதலில் பத்து, பிறகு ஐந்து, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நான்கே நாணயம்; இதனினும் குறைவாகத் தர முடியாது. ஆனால் ஒன்று, மூன்று, நான்கு என்ற மூன்று வகை நாணயங்களே உள்ள ஒரு நாட்டைக் கற்பனை செய்து, அங்கே ஆறு தரச் சொல்லுங்கள். பேராசை நான்கை எடுக்கும், பிறகு ஒன்று, இன்னும் ஒன்று - மூன்று நாணயம். இரண்டு மூன்றுகளை எடுத்திருந்தால் இரண்டே போதுமே! ஓரிடத்தில் ஒளிரும் வழி மற்றோரிடத்தில் பல்லிளிக்கிறது. ஆகவே எரிக்சன் வகுப்பில் பேராசை வழிமுறையை விடையாக எழுதும் மாணவன், அது ஏன் எப்போதும் சரி என்று மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். காட்டாவிடில் சுழி - விடை சரியாகவே இருந்தாலும்!

விடை சரியாக இருந்தும் சுழியா? கொடுமை என்று நமக்கும் முதலில் தோன்றிற்று. எண்ணிப் பார்த்தபோதுதான் விளங்கிற்று: இருட்டிலே எறிந்த கல் மாங்காயை வீழ்த்தினால் எறிந்தவனைக் குறிபார்ப்பவன் என்று கூற முடியுமா? அவன் வகுத்த வழியை நாளை ஆயிரம் பேர் நம்பப்போகிறார்கள். அவர்களிடம், ஏனென்று கேளாதே, நம்பு என்று கூற அவனுக்கு என்ன உரிமை?

நம்பியதால் வந்த நட்டத்துக்குச் சான்று உண்டு. வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு பெயரைத் தேட, நடுப்பக்கத்தைப் பிரித்துப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, மிஞ்சியதில் மீண்டும் நடுவைப் பார்ப்பது பழைய வழிமுறை. நடுவைக் காண என்ன செய்வோம்? இரு முனைகளின் எண்களையும் கூட்டி இரண்டால் வகுப்போம். பள்ளிப் பிள்ளையும் அறிந்த கணக்கு. ஜாவா என்ற கணிப்பொறி மொழியிலும் அப்படியே எழுதி வைத்திருந்தனர். அங்கே முழு எண்ணுக்குச் சாதாரணமாக ஒதுக்கும் இடம் ஏறத்தாழ 214 கோடி வரையே கொள்ளும். பட்டியல் மிக நீண்டு, கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் எண் கழித்தல் குறியோடு மாறிவிடும், தேடல் முறிந்துவிடும். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது இப்பிழை. 2006-இல் அதை உலகுக்கு அறிவித்தவர் யார் தெரியுமா? அதை எழுதிய ஜோஷுவா பிளாக் அவர்களே! தம் பிழை என்று மறைக்கவில்லை. தாம் எழுதியதிலேயே அப்பிழை இருந்தது என்று ஊரறியச் சொன்னார்.

முயன்றவனுக்குச் சுழியா என்ற கேள்விக்கு வருவோம். இதுவரை எனக்குப் புரிந்தது, இங்கே இடறுகிறேன் என்று எழுதுபவன் முயன்றவன். அவன் எழுதியதில் சரியான பகுதிக்கு மதிப்பெண் உண்டு. புரியாததைப் புரிந்ததுபோல் அடுக்கி, திருத்துபவர் கண்ணில் மண்ணைத் தூவ எண்ணுபவன் முயன்றது விடைக்காக அல்ல. இருந்தாலும், துணிந்து முயன்றால் வென்றிருக்கக்கூடிய கூச்சமுள்ள மாணவன் இரண்டரையே போதுமென்று ஒதுங்கிவிட மாட்டானா? அந்த ஐயம் நமக்கு இன்னும் முற்றும் தீரவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. எந்த நூலையும் பார்க்கலாம், எவரிடமும் கேட்கலாம்; ஆனால் யாரிடம் பெற்றாய் என்று பெயர் சொல், உன் சொந்த நடையில் எழுது என்பது அது. கேட்டவுடன் பக்கம் பக்கமாக எழுதித் தரும் இயந்திரங்கள் 2022-க்குப் பின் மாணவர் கைக்கு வந்துவிட்டன. சரியானதையும் தவறானதையும் ஒரே மிடுக்கோடு எழுதுகின்றன அவை. தெரியாது என்று சொல்லக் கூசுவதில் மனிதனை மிஞ்சியவை!

இப்பாடத்தின் கடைசிப் பகுதியோ தெரியாது என்பதையே கற்பிக்கிறது. விடையைக் கொடுத்தால் விரைவில் சரிபார்க்க முடிகிற கணக்குகளை எல்லாம் விரைவில் கண்டுபிடிக்கவும் முடியுமா? 1971-இல் ஸ்டீபன் குக் எழுப்பிய இக்கேள்விக்கு, அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000-இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. இன்றுவரை விடையில்லை. உலகின் பேரறிஞரெல்லாம் ஒரே குரலில் எழுதும் விடை, எரிக்சனின் மாணவர் எழுதும் அந்த விடைதான்.

நம் வகுப்பிலும் இதைச் செய்து பார்த்தோம். நாம் நடத்துவது வரலாறு. வாரத் தேர்வுக்கு மட்டும் இந்த விதி என்று அறிவித்தோம். முதல் வாரம் ஒருவரும் எழுதவில்லை. சூழ்ச்சி என்று எண்ணினர் போலும். இரண்டாம் வாரம், கடைசி வரிசை மாணவி ஒருத்தி மூன்றாம் வினாவுக்கு எதிரே சிறிய எழுத்தில் 'தெரியாது' என்று எழுதியிருந்தாள். இரண்டரை போட்டுக் கொடுத்தோம். தாளை வாங்கியவள் இடத்துக்குப் போகவில்லை. "சரி அய்யா, அப்ப இதுக்கு விடை என்ன?" என்றாள்.