நிற்கும்போது தெரியும் கோளாறு

1970-களின் ஃபோர்டு எஃப்-100, செவ்ரோலே சி-10 போன்ற கார்புரேட்டர் பிக்கப் வண்டிகள் பழசானால் ஒரு விசித்திரம் காட்டும். நெடுஞ்சாலையில் சீறிப் பாயும். சிக்னலில் நின்றதும் குலுங்கி, இருமி, ஆஃப் ஆகிவிடும்.

உடனே பலர் கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகுவார்கள். குற்றவாளி பல சமயம் வேறு: விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸ், அல்லது இற்றுப்போன கேஸ்கெட். வேகத்தில் இன்ஜின் ஏராளமான காற்றை இழுக்கிறது. கள்ளத்தனமாக நுழையும் கொஞ்சம் காற்று அதில் கணக்கிலேயே வராது. ஐட்லிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளிழுக்கும் வெற்றிடமோ மிக அதிகம். அப்போது சின்னக் கசிவும் பெட்ரோல் கலவையைக் கெடுத்துவிடும். கேஸ்கெட் ஓரத்தில் சிறிது தண்ணீர் தெளித்தால், இன்ஜின் சத்தம் மாறும் இடமே கசியும் இடம்.

மனிதரின் பரபரப்பும் பல ஓட்டைகளை மறைக்கிறது. ஓய்ந்து உட்கார்ந்தால் மனம் தடுமாறுகிறதே என்று நாம் மறுபடி ஓடத் தொடங்குகிறோம். ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பது பழுதுபார்ப்பது ஆகாது. தடுமாறும் நேரமே சோதிக்க ஏற்ற நேரம்.