எழுதுவோனும் ஏற்போனும்

கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரே பண்டைய பாடலிகம் என்பர் வரலாற்றறிஞர். அவ்வூரில் சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், ‘லோகவிபாகம்’ என்னும் பிராகிருத நூலை எழுதினார். அம்மூலம் இன்று கிடைத்திலது. இருப்பது, பின்வந்த சிம்மசூரியின் வடமொழி வடிவமே. அவர் நூலைத் தமதென்றே கூறியிருக்கலாம். மாறாக, தாம் மொழியை மாற்றியதாகச் சொல்லி, முன்னவரின் பெயர், ஊர், ஆண்டு, காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு ஆகியவற்றையும் குறித்து வைத்தார். பல்லவர் காலக்கணக்கிற்கு அக்குறிப்பு ஊன்றுகோலாயிற்று.

இன்று ஆராய்ச்சி இதழ்களில் களவும் புனைவும் மலிந்துள்ளன. பிறர் எழுத்தைக் களவாடுவதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிகள் வகுத்தது. பொய் எழுதியவன் குற்றவாளி. அதனை அச்சிட்டவனுக்கும் அதிற் பங்குண்டோ?

தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்திற்குக் கூறும் அதிசாரங்கள் ஐந்து. களவுப் பொருளை ஏற்றல், கள்ள அளவை, போலிச் சரக்கு என்பன அவற்றுள் அடங்கும். திருடியவனோடு ஏற்றவனையும் அறம் விட்டுவைக்கவில்லை. பிறர் எழுத்தைக் கவர்ந்தது களவுப் பொருள். திருத்திய புள்ளிவிவரம் கள்ள அளவை. நடத்தாத சோதனை போலிச் சரக்கு.

பதிப்பாளர் ஏமாற்றப்பட்டால் என் செய்வார் எனலாம். துறையறிந்தோரிடம் அனுப்பி ஆய்ந்த பின்னும் ஏமாந்தவர்க்குப் பழி சிறிது. கட்டணம் பெற்றுக்கொண்டு ஆயாமலே அச்சிடுவோர்க்கோ பிரமாதமே குற்றம். பிழை தெரிந்தபின் கட்டுரையை மறைத்தல் ஆகாது. திரும்பப் பெற்றதை யாவரும் காண அறிவித்தல் வேண்டும். நாம் செய்யும் பிரதிக்கிரமணமும் அத்தகையதன்றோ?

1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராயிருந்த உ.வே. சாமிநாதையர், 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கினார், சமண நூற்பொருளைக் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டுத் தெளிந்தார், அவ்வுதவியை மறைத்தாரில்லை.

இவ்வறம் அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. லோகவிபாகத்தில் பூச்சியத்தோடு கூடிய இடமதிப்பு எண்முறை காணப்படுகிறது. அதுகொண்டு, ‘பூச்சியம் 458-இல் நம் பாடலிகத்திலே பிறந்தது’ என்று மேடையில் முழங்க ஆசை எழும். கையிலுள்ளது பிற்கால வடிவம் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அதனை விழுங்கிவிட்டால், சிம்மசூரி காத்த உண்மையை அவர் நூலைக் கொண்டே நாம் கெடுத்தவராவோம்.