கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம் என்ன?

“யாரும் அவங்க கையைப் பிடிச்சு எழுத வைக்கலையே! தெரிஞ்சுதானே போட்டாங்க?”

டிவி பாட்டுப் போட்டியில் பாடிய யாராவது பிறகு மனம் நொந்து பேசினால், உடனே இந்தப் பதில் வந்துவிடும். கோப்பிக் கடையில் கேட்டிருக்கிறேன். நம் இளைஞர் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், நானே சொல்லியிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் சித்தி மகள் ஒரு பாட்டுப் போட்டிக்குத் தேர்வானாள். எஸ்.பி.எம். எழுதி முடித்த நேரம், வயது 17. பதினெட்டு நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது என்பதால் சித்தப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். சித்தப்பா லாரி ஓட்டுகிறவர். “தம்பி, நீதான் படிச்ச புள்ள. பார்த்துச் சொல்லுப்பா” என்று என்னிடம் நீட்டினார்.

நின்றபடியே புரட்டினேன். நிகழ்ச்சி முடிந்து ஓராண்டு வரை அனுமதி இல்லாமல் வேறு எங்கும் பாடக் கூடாது. அவளுடைய குரல், படம், பெயர், வாழ்க்கைக் கதை எல்லாவற்றையும் உலகத்தில் எங்கு வேண்டுமானாலும், எத்தனை காலத்துக்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். விதிகளை அவர்கள் நினைத்தபோது மாற்றலாம். எனக்கு உறுத்தியது. “வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு நாளைக்குத் தரலாமா?” என்று கேட்டேன். பேனாவோடு நின்ற ஊழியர் சிரித்த முகத்தோடுதான் பதில் சொன்னார்: “பரவால்லீங்க, அப்போ அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கிறோம்.” பின்னால் நீள வரிசை. தங்கச்சி என் முகத்தையே பார்த்தாள்.

“எல்லாரும் போடுறதுதான் சித்தப்பா, போடுங்க” என்றேன்.

மூன்றாவது சுற்றில் வெளியேறினாள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை, போட்டின்னா அப்படித்தான். ஆனால் அதற்கு முன்பு, சித்தப்பாவுக்கு நடந்த இருதய ஆப்பரேஷனைப் பற்றி எப்படியோ தெரிந்துகொண்டு, கேமரா முன்னால் உட்கார வைத்து, “அப்பாவைப் பத்திச் சொல்லும்மா, இன்னும் கொஞ்சம் சொல்லும்மா” என்று அவள் அழும்வரை கேட்டார்கள். ஒளிபரப்பில் அவள் பாடியதைவிட அழுததுதான் அதிக நேரம் வந்தது. சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த வருடம் கோயில் நவராத்திரிக்கு அவள் பாடவில்லை. அனுமதி கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்குக் கடைசிவரை பதிலே வரவில்லை. சின்ன வயதிலிருந்து பாடிய மண்டபத்தில், பாயில் உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் சம்மதித்தாள், அப்பா கையெழுத்துப் போட்டார், ‘படிச்ச’ அண்ணன் பக்கத்திலேயே நின்றான். அப்படியானால் நடந்தது நியாயம்தானா? சம்மதம் இருந்தால் அதோடு தர்மக் கேள்வி முடிந்துவிடுகிறதா?

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2002-இல் அமெரிக்காவில் ‘அமெரிக்கன் ஐடல்’ தொடங்கியபோதே அதன் ஒப்பந்தத்தின் பகுதிகள் பத்திரிகைக்கு வந்துவிட்டன. போட்டியாளருக்குத் தலைகுனிவு தரும் அந்தரங்க விஷயங்களைக்கூட வெளியிடலாம், அவை உண்மையாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம் என்று அதில் இருந்தது. கற்பனையாக! அதாவது, உன்னைப் பற்றி நாங்கள் கதை கட்டினாலும் நீ கேட்கக் கூடாது. முதல் வெற்றியாளர் கெல்லி கிளார்க்சனை அடுத்த வருடமே ஒரு சினிமாவில் நடிக்க வைத்தார்கள். விருப்பமே இல்லை, ஒப்பந்தம் இருந்ததால்தான் நடித்தேன் என்று அவரே பிறகு வெளிப்படையாகச் சொன்னார்.

2012-இல் ஜெயித்த பிலிப் பிலிப்ஸ், ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூரில் குடும்பத்தின் அடகுக் கடையில் வேலை பார்த்த பையன். மூன்று வருடம் கழித்து, 2015 ஜனவரியில், கலிபோர்னியா தொழிலாளர் ஆணையரிடம் தன் நிர்வாக நிறுவனத்தின் மீதே புகார் கொடுத்தார். பாட்டுப் பதிவு, பாடல் உரிமை, நிர்வாகம், விளம்பரப் பொருட்கள் எல்லாமே ஒரே குழுமத்தின் கையில் இருந்தன. அவருக்காகப் பேரம் பேச வேண்டிய மேலாளரும் அந்தப் பக்கத்து ஆள்தான். சில வருமானங்களில் 40 விழுக்காடு வரை எடுத்துக்கொண்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. தன் ஆல்பத்தின் தலைப்பையே பொது அறிவிப்பு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். நிறுவனம் மறுத்தது, 2017-இல் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. யார் சொன்னது எவ்வளவு சரி என்று தீர்ப்பு வராமலே போனது. ஆனால் நாடே ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தவருக்கே இந்த நிலை என்றால், மூன்றாவது சுற்றில் வெளியேறுகிறவள் எந்த மூலைக்கு?

எதிர்த் தரப்பையும் சொல்லியாக வேண்டும். மேடை, விளக்கு, வாத்தியக் குழு எல்லாம் சும்மா வருவதில்லை. நூறு பேருக்குச் செலவு செய்தால் ஒருவர் ரெண்டு பேரால்தான் காசு திரும்பும். பல பேருக்கு இந்த மேடை உண்மையிலேயே கதவைத் திறந்திருக்கிறது. 2004-இல் நம் நாட்டில் ‘மலேசியன் ஐடல்’ பட்டத்தை ஜெக்லின் விக்டர் வாங்கியபோது நம் வீடுகளில் எவ்வளவு சந்தோஷம்! அதுவரை ஹோட்டல் லவுஞ்சுகளில் பாடிக்கொண்டிருந்த குரலை நாடு முழுக்கக் கேட்டது. ஆகவே வருமானத்தில் பங்கு கேட்பதில் தப்பில்லை. போட்ட முதலுக்கு லாபம் எடுக்கட்டும்.

ஆனால் ‘இஷ்டப்பட்டுத்தானே போட்டாங்க’ என்ற வாதத்தை நாமே எல்லா இடத்திலும் ஏற்பதில்லை, கவனித்தீர்களா? ஆலோங்கிடம் கடன் வாங்குகிறவனும் இஷ்டப்பட்டுத்தான் வாங்குகிறான். யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை. ஆனாலும் நம் நாட்டுக் கடன் கொடுப்போர் சட்டம் அடமானக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானம் இல்லாத கடனுக்கு 18 விழுக்காடு என்று வட்டிக்கு வரம்பு வைத்திருக்கிறது. ‘நீதானே சம்மதிச்சே’ என்று சட்டம் கைகழுவவில்லை. ஏன்? அவசரத்தில் இருப்பவன் எதற்கும் தலையாட்டுவான் என்பது கொடுக்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். அந்த அவசரத்துக்குத்தான் அவன் விலை வைக்கிறான்.

பாட்டுப் போட்டியில் பணத் தேவைக்குப் பதிலாகக் கனவு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கனவை மூட்டுவதே அவர்கள்தான். ‘அடுத்த நட்சத்திரம் நீங்களா?’ என்று மாதக்கணக்கில் விளம்பரம் போட்டு வரிசையை உண்டாக்கிவிட்டு, பிறகு அந்த வரிசையைக் காட்டியே ‘அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கிறோம்’ என்கிறார்கள்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு, சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளுக்குத் தெரிந்திருக்கும். 1966-இல் டோனி மெக்காலே என்ற 21 வயதுப் பாடலாசிரியர், பெயர் தெரியாத ஆள், ஓர் இசை வெளியீட்டு நிறுவனத்தின் அச்சடித்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். முன்பணம் 50 பவுன். ஐந்து வருடம் எழுதும் பாட்டெல்லாம் அவர்களுக்கு. நன்றாக விற்றால் அதுவே பத்து வருடமாகிவிடும். அவர்கள் ஒரு மாத நோட்டீஸில் விலகிக்கொள்ளலாம், இவர் விலக முடியாது. எல்லாவற்றையும்விட மோசம், பாட்டை வெளியிட வேண்டிய கடமையே நிறுவனத்துக்கு இல்லை. மேசை டிராயரில் பூட்டி வைத்தாலும் கேட்க முடியாது. 1974-இல் பிரபுக்கள் சபை இந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்த்தது. பேரம் பேசும் பலம் இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கும்போது, பலமுள்ளவர் எழுதிய வாசகம் நியாயமா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நம்முடைய 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் 28-ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. ஆனால் கல்யாண வீட்டில் 150 வெள்ளிக்குப் பாடுகிற பெண் எந்த வக்கீலை வைத்து அதைக் கேட்பாள்? சட்டம் அவளுக்கு எட்டாத இடத்தில் எதிர்த் தரப்பின் மனசாட்சியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

சமய வகுப்பில் ஏகலைவன் கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். குருபக்திக்கு உதாரணமாகத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு தடவை எங்கள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “துரோணர் அவனுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார் டீச்சர், கட்டை விரலைக் கேக்கிறதுக்கு?” என்று கேட்டுவிட்டான். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. அரண்மனைக்கு வெளியே பிறந்தவன் என்று சேர்க்க மறுத்தார். அவன் மண்ணால் சிலை செய்து தானே கற்றுக்கொண்டான். தெரிந்ததும் வந்து தட்சிணை கேட்டார், அதுவும் வில் வித்தைக்கே உயிரான வலது கட்டை விரலை. ஏகலைவன் தயங்கவே இல்லை, சிரித்த முகத்தோடு கொடுத்தான். முழுச் சம்மதம். கொடுத்தவனின் பெருமையில் மயங்கி, கேட்டவரின் நியாயத்தை நாம் கேட்காமலே விட்டுவிடுகிறோம். ஒருவன் மனம் உவந்து கொடுத்தான் என்பதால், அவனிடம் அதைக் கேட்டது சரியாகிவிடாது.

என் கணக்கில் கோடு அங்கேதான் விழுகிறது. நிகழ்ச்சி கொடுத்தது மேடையும் வெளிச்சமும். அதிலிருந்து வரும் காசில் பங்கு கேட்கலாம். ஆனால் தங்கச்சியின் குரல் அவர்கள் கொடுத்ததில்லை. சித்தப்பாவின் நோய் அவர்கள் கொடுத்ததில்லை. தாங்கள் கொடுக்காததைப் பூட்டி வைப்பதும் எடுத்து விற்பதும் வியாபாரமே இல்லை, அது விரலைக் கேட்பது.

நம்மையும் விட்டுவிட முடியாது. மோசமாகப் பாடுகிறவரை நடுவர் கிண்டல் செய்யும் காட்சியை எத்தனை தடவை பகிர்ந்திருக்கிறோம்? இப்படிப்பட்ட பல நிகழ்ச்சிகளில் நட்சத்திர நடுவருக்கு முன்பே தயாரிப்புக் குழுவினர் எல்லாரையும் பாட வைத்துக் கேட்டுவிடுகிறார்கள். பாட வராதவர் அந்தச் சல்லடையைத் தாண்டி வருகிறார் என்றால், சிரிப்பதற்காகவே அனுப்பப்பட்டிருக்கிறார். அவருக்கு மட்டும்தான் அது தெரியாது. பிரிட்டனில் 2021-இலிருந்து, நிகழ்ச்சியில் பங்கேற்பவர்களின் மனநலனில் உரிய அக்கறை காட்ட வேண்டும் என்பதை ஒளிபரப்பு விதியாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

போன மாதம் நம் கிளைத் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு ஒப்பந்தத்தை அனுப்பி, “அண்ணே, போடலாமா?” என்று கேட்டான். இந்தத் தடவை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். கோயில் நிகழ்ச்சியில் பாட அனுமதி, குடும்ப விஷயத்தை ஒளிபரப்பும் முன் சம்மதம், தடைக் காலம் ஓராண்டுக்குப் பதில் மூன்று மாதம் என்று மூன்று திருத்தம் கேட்டு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினோம். நான்கு நாளில் பதில் வந்தது. கோயிலில் பாடலாம், மற்ற இரண்டும் முடியாது. ஒரு நாள் யோசித்துவிட்டு அவன் கையெழுத்துப் போட்டான்.

தங்கச்சியிடம் இதைச் சொன்னேன். இப்போது வேலைக்குப் போகிறாள், எப்போதாவதுதான் பாடுகிறாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

“கேட்டா குடுக்கிறாங்களா அண்ணே?” என்றாள்.