விதைக்கு விட்ட காய்

பெரம்பலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கரிசல் மண் உண்டு. ஆடியில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பிடி வெண்டை விதை கொடுத்தார். காசு நீட்டினேன். "விதைக்குக் காசு வாங்க மாட்டோம் தம்பி" என்றார். 45 நாளில் பூத்துக் காய்க்கத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை மாலை அவரே வந்து, இருந்ததிலேயே நேரான காயாகப் பார்த்து அதன் காம்பில் ஒரு சிவப்புச் சேலைக் கிழிசலைக் கட்டினார். "இத மட்டும் விதைக்கு விட்டுருங்க."

மறுநாள் சொல்லாமல் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். சாம்பாருக்குக் காய் போதவில்லை. அந்தக் காயின் நுனியை ஒடித்துப் பார்த்தேன். பட்டென்று ஒடிந்தது. நல்ல இளசு. பறித்துவிட்டேன். துணி மண்ணில் விழுந்தது.

திங்கட்கிழமை அக்கா வந்தார். துணியைப் பார்த்தார். குனிந்து எடுத்து, இரண்டு முறை உதறி, அதே செடியில் சற்று மேலே இருந்த வளைந்த காய் ஒன்றில் கட்டினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இரண்டு உதறல்தான் இன்னும் என்னை விடவில்லை.

ஒரு வெண்டைக்காய்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அம்மாயி வீட்டுக் கொல்லை நினைவுக்கு வருகிறது. ஜெயங்கொண்டம் பக்கம், செம்மண்ணும் முந்திரியும் உள்ள ஊர். பரங்கி விதைகளைச் சாணத்தில் பதித்து, வட்டமாகத் தட்டி, சுவரில் அப்பி வைத்திருப்பார் அம்மாயி. அடுத்த பட்டம் வரை பூச்சி அண்டாது. கூரை மேல் சுரைக்கொடி படர்ந்திருக்கும். மழை பொய்த்த ஒரு வருடம் கொடியில் ஒரே ஒரு பிஞ்சுதான் நின்றது. குழம்புக்குக் காய் இல்லாத நாள். "அத அறுத்தா என்ன?" என்று கேட்டேன். "அது நம்ம காய் இல்லடா" என்றார். பிறகு யாருடைய காய் என்று கேட்க அப்போது தோன்றவில்லை. இப்போது கேட்க அம்மாயி இல்லை.

நெல் ஜெயராமனைப் பற்றி எப்போதோ படித்ததில் ஒன்று மட்டும் மனதில் தங்கியிருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் 2006 முதல் அவர் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிகளுக்குப் பாரம்பரிய நெல் 2 கிலோ கொடுப்பார்கள். அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். படித்தபோது அதை ஒரு நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். வாங்கியவர் அறுவடையில் ஒரு பங்கைத் தின்னாமல் எடுத்து வைத்தால்தான் அந்த ஏற்பாடு நடக்கும் என்பது, துணி விழுந்த பிறகுதான் உறைத்தது.

கடையில் பாக்கெட் விதை கிடைக்கிறது. ஒட்டுரக விதையாக இருந்தால் அதன் காயிலிருந்து எடுத்து விதைப்பது தாய்ச்செடி போலவே வராது, கலந்துகட்டி வரும். அதனால் எதையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. கடைசிக் காய் வரை பறித்துத் தின்னலாம். அது ஒரு வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்தில் நம்முடையது அல்லாத ஒரு காய் இருக்கிறது என்ற எண்ணமும் அதோடு போய்விடுகிறதே.

இன்னொரு பக்கம், ஒரே செடியின் காய்களில் நேரானதற்கும் வளைந்ததற்கும் குணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அக்காவுக்கு விதை நஷ்டம் இல்லை. அப்படியென்றால் நான் பறித்தது எதை?

வளைந்த காய் முற்றி, காய்ந்து, விளிம்பில் வெடித்தது. பறித்து அடுக்களை மாடத்தில் வைத்திருக்கிறேன். துணியை அவிழ்க்கவில்லை. தைப்பட்டத்துக்கு முன் பாதி விதையை அக்காவிடம் கொடுக்க வேண்டும். அன்று அவர் ஒன்றும் சொல்லாமல் துணியை உதறிக் கட்டியது என்னை மன்னித்தா, இல்லை, விதைக்கு ஒரு காய் வேண்டும் என்ற அன்றாட வேலையாகவா? கொடுக்கும்போது கேட்டுவிடலாம். கேட்பேனா என்று தெரியவில்லை.