வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம்: நல்ல எண்ணம் மட்டும் போதுமா?



சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு சகோதரர் வந்தார். "ஹஜ்ரத், எங்க வீட்டுப் பூனை நேத்துலேர்ந்து மணல் தட்டுல உட்கார்ந்து முக்குது. மலச்சிக்கல்தான். விளக்கெண்ணெய் ஊத்தலாமா?" என்றார்.

'குழந்தைக்கே கொடுக்கிறோம், பூனைக்கென்ன?' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நமக்குத் தெரியாத விஷயமாயிற்றே என்று அடக்கிக்கொண்டு, கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன். அது மலச்சிக்கலே அல்ல. ஆண் பூனை, சிறுநீர் அடைத்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்றாராம் மருத்துவர்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் தலையாட்டியிருந்தால் அந்த உயிருக்கு யார் பொறுப்பு?

பூனையைப் பட்டினி போட்டு அடைத்து வைத்துச் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்ட ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அது இரக்கமின்மை. இந்தச் சகோதரரிடமோ இரக்கம் நிறைந்திருந்தது. அப்படியானால் அவர்மீது குற்றமில்லையா?

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவரே அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு நபிமொழி உண்டு. மனிதனுக்கு வாய் இருக்கிறது. "வலிக்கிறது, நிறுத்து" என்பான். பூனை யாரிடம் சொல்லும்? சொல்ல முடியாத உயிரிடம் நம் பொறுப்பு கூடுமே தவிர, குறையாது.

எனவே தெரிந்ததைச் செய்யுங்கள். தண்ணீரைப் பல இடங்களில் வையுங்கள். ஈரமான உணவு கொடுங்கள். உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு சிறு கரண்டி கலக்கலாம். முடியைச் சீவிவிடுங்கள், நக்கி விழுங்கும் முடியும் குடலில் சிக்கும். மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். ஓடி விளையாட விடுங்கள்.

வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். மனிதருக்கான எனிமா வேண்டாம். அதில் சில வகை பூனையைக் கொன்றுவிடும். இரண்டு நாள் மலம் போகவில்லை, வாந்தி எடுக்கிறது, சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

சகோதரர்களே! "எனக்குத் தெரியாது" என்று சொல்வதும் இரக்கம்தான். நம் வீட்டு அமானிதங்களை அறிவோடு பேண வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.